சட்டிக்குப் போகாத ஈயக்கட்டி

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் தகராறு. எழுதினால் எழுத்து கோட்டில் நிற்காமல் மேலே ஏறிப் போகும். முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப் பிழையைப் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஈயத்தைப் பற்றிச் சொல்வதில் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இப்போது கொள்ளிடக் கரையில் பல பேர் வீட்டிலேயே ஈயம் உருக்குகிறார்கள். செல்போனில் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அதில் சட்டியைக் காட்டுகிறார்கள், அச்சைக் காட்டுகிறார்கள். அதற்கு முந்தின வேலையான வெட்டுவதை யாரும் காட்டுவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1. புருவத்துத் தழும்பு

வீச்சு வலையின் விளிம்பைச் சுற்றி ஈய மணிகள் கோத்திருக்கும். அந்தக் கனம்தான் வலையை விரித்தது விரித்தபடி தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் உட்காரவைக்கும். கனம் போதவில்லை என்றால் மீன் விளிம்புக்குக் கீழே புகுந்து போய்விடும். அந்த மணிகளை வார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் எங்கள் வீடு. பின்னால் சின்னக் கொல்லை. அங்கே ஒரு அடுப்பு, உருக்குகிற இரும்புச் சட்டி, நீளப் பிடி வைத்த கரண்டி, இரண்டு அச்சு. சாயங்காலம் சட்டியில் மிஞ்சும் ஈயத்தை ஊற்றி வைக்க அடி நசுங்கிய பழைய வாணலி ஒன்று. ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது இவ்வளவுதான்.

இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கரையில் வலைக்காரர்கள் வார்ப்பதைத் தூரத்தில் நின்று பார்த்தேன். கிட்டே போய்க் கேட்டிருக்கலாம். கேட்க எனக்குக் கூச்சம். கடையில் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். பார்த்ததை வைத்து நானாகவே செய்துகொண்டேன். பாதி சரியாக வந்தது. மீதியை நான் தப்பாகச் செய்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கிய ஏழாவது மாதம் ஒரு நாள் காலை தூறல். பழைய தண்ணீர்க் குழாய் ஒன்று, முழங்கை நீளம், வெளியே கிடந்தது. துண்டில் துடைத்துவிட்டு அப்படியே உருகிக்கொண்டிருந்த சட்டியில் போட்டேன். வெளியே துடைத்தேன், உள்ளே துடைக்கவில்லை. குழாயின் இரண்டு முனையும் நசுங்கி மூடியிருந்தன. உள்ளே தண்ணீர் இருந்திருக்கிறது.

வெடி போட்டது போலச் சத்தம். சட்டியில் இருந்த ஈயத்தில் பாதி மேலே போய்க் கூரைத் தகரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டு என் வலது புருவத்தில் விழுந்தது. விரல் அகலம் கீழே விழுந்திருந்தால் கண் போயிருக்கும். தண்ணீர் ஆவியாகும்போது ஒன்று நூறாகப் பெருகும். நூறைவிட அதிகமாகவே பெருகும். மேலே உருகிய ஈயம் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டுதான் வெளியே வரும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்றோடு வேலையை விட்டேன். கொல்லையில் கிடந்த ஈயத்தையெல்லாம் பாலக்கரையில் ஒரு பாயின் காயலான் கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்கப் போனேன். இரண்டு வருடம் தூக்கினேன்.

2. மல்லிகா உளியை எடுத்தது

மல்லிகா என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை பார்த்தவள். மிளகைவிடச் சின்னக் கல்லை ஒரு குச்சியின் முனையில் ஒட்டவைத்து, சுற்றுகிற சாணையில் பிடித்து, பட்டைக்குப் பட்டை அளவு பிசகாமல் தீட்டுவாள். அந்தப் பட்டறை மூடிவிட்டது. மூடின வாரமே அவள் கொல்லைக்குப் போய் மூலையில் கிடந்த சட்டியையும் வாணலியையும் எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"ஏங்க, அந்த ஈய வேலையைத் திரும்ப ஆரம்பிப்போம்" என்றாள்.

"வேணாம். கண்ணு தப்பிச்சதே பெரிய விஷயம்."

"கண்ணு இருந்தப்பவும் பாக்காமத்தானே போட்டீங்க? இனிமே நான் வெட்டித் தரேன், நீங்க உருக்குங்க. நான் வெட்டாதது ஒண்ணும் சட்டிக்குப் போகக் கூடாது. அது மட்டும் சம்மதம்னு சொல்லுங்க."

சொன்னேன். பத்து வருடமாக அந்தப் பேச்சை மீறவில்லை. ஒரு முறை மீறப் பார்த்தேன். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன் அவள் வெட்டுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய ஈயம் நாலு தினுசாக வரும். டெலிபோன் கேபிளின் மேல் உறை, தகடு, குழாய், யாரோ ஏற்கெனவே உருக்கி ஊற்றிய கட்டி. கேபிள் உறையைத் தகரக் கத்தரியால் வெட்டலாம். தகட்டில் பலம் காட்ட வேண்டியதே இல்லை. கத்தியால் ஆழமாக ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் இப்படியும் அப்படியும் நாலு தடவை மடக்கினால் உடைந்து கையோடு வந்துவிடும். இதை நான் முதலில் சுத்தியலும் உளியுமாக அரை நாள் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து நின்று பார்த்துவிட்டு, கோடு இழுத்து, மடக்கி, துண்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

குழாயை மட்டும் குறுக்கே வெட்ட மாட்டாள். குறுக்கே வெட்டினால் கத்தி பட்ட இடம் நசுங்கி மூடிக்கொள்ளும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும் என்பாள். நீளவாக்கில் பிளப்பாள். வேகவைத்த பனங்கிழங்கை இரண்டாகப் பிரிப்பது போல விரித்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைப்பாள். பிறகு தீப்பெட்டி அளவுக்கு நறுக்கி, அந்த அடி நசுங்கிய வாணலியில் போடுவாள். மிஞ்சிய ஈயத்தை ஊற்ற நான் வைத்திருந்த வாணலி அவளுக்கு வெட்டிய துண்டு போடுகிற பாத்திரமாகிவிட்டது. வாணலியில் இருப்பதை மட்டும்தான் நான் சட்டியில் போட வேண்டும்.

"துண்டு சின்னதா இருந்தா சீக்கிரம் உருகும், சரி. இவ்வளவு மெனக்கெடணுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உருகுறதுக்காகவா வெட்டுறேன்? கல்லுன்னா வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா உள்ள கோடு ஓடுதா, புள்ளி இருக்கான்னு தெரிஞ்சுடும். இது குருட்டுச் சாமான். வெட்டித்தான் பாக்கணும்."

பாட்டரித் தகடு எவ்வளவு மலிவாக வந்தாலும் தொட விடமாட்டாள். அதில் ஆசிட் இருக்கிறது, அது வீட்டு வேலை கிடையாது. அடுப்படிச் சாமான் எதுவும் கொல்லைக்கு வரக் கூடாது. ஒரு தடவை அவசரத்துக்கு வீட்டு அரிவாள்மனையைக் கொண்டுவந்து கேபிள் உறையை அரிந்துவிட்டேன். அவள் அரிவாள்மனையைக் கழற்றி, இரும்பைத் தனியாகக் காயலான் கடைக்கே போட்டுவிட்டாள். புதுசு வாங்கும் வரை மூன்று நாள் எனக்குத் தயிர்ச் சோறும் ஊறுகாயும்தான். வேலைக்குக் கட்டுகிற துணி தனி. அது கொல்லையிலேயே துவைத்துக் கொல்லையிலேயே காய வேண்டும். கை கழுவாமல் தண்ணீர் குடிக்கக் கூடாது. தரையை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எங்கள் மகள் கவிதா கல்யாணமாகி லால்குடிக்குப் போகும் வரைக்கும், அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அடுப்பே பற்றவைத்ததில்லை.

3. புதன்கிழமைக்குள்

போன வருடம் ஆனி மாதம். கவிதாவுக்கு லால்குடியில் வளைகாப்பு. முடிந்து ஒரு வாரம் கழித்து, புதன்கிழமை, அவளைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவதாக ஏற்பாடு. ஈயத் தூசியும் புகையும் கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் ஆகவே ஆகாது என்று ஆஸ்பத்திரியில் நர்சம்மா சொல்லியிருந்தார். மல்லிகாவுக்கு அது முன்பே தெரியும். நர்சம்மா சொன்ன பிறகு அவள் பேச்சில் இன்னும் உறுதி கூடியது.

"புதன்கிழமை அவ வாசப்படி ஏறுறப்ப, இந்த வீட்டுல ஒரு பொட்டு ஈயம் இருக்கக் கூடாது. அடுப்பு, சட்டி, மண்ணு, எல்லாம் வெளிய போயிடணும்."

அந்தப் புதனுக்கு ஒன்பது நாள் முன்பு காளியண்ணன் வந்தார். காளியப்பன் என்பது முழுப்பெயர். கரையில் வலை வீசும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர்தான் பெரியவர் மாதிரி. என்னிடம் பேசினால் பதில் வர நேரமாகும் என்று தெரிந்து நேராக மல்லிகாவிடம்தான் பேசுவார்.

"மேட்டூர் தெறந்துட்டாங்க மல்லிகா. நாலஞ்சு நாள்ல தண்ணி முக்கொம்பு வந்துடும். பன்னெண்டு வலைக்கு மணி வேணும்."

"இப்ப வந்து சொல்றீங்களேண்ணே. போன மாசம் பூரா எங்க இருந்தீங்க?"

"போன மாசம் ஆத்துல மணலுதான் இருந்துச்சு. மணலுக்கா வலை வீசுறது?"

"புதன்கிழமை என் பொண்ணு வரா. அதுக்கப்புறம் இங்க அடுப்பு எரியாது."

"புதுத்தண்ணி மீனு அதுக்கப்புறம் எங்களுக்காக நிக்காது. ஆறேழு மாசமா கொத்து வேலைக்கும் மூட்டை தூக்கவும் போயி ஓட்டிட்டோம். இந்த முதல் வரத்துதான் எங்களுக்குக் கணக்கு. நீதான் பாத்துச் செய்யணும்."

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள்ள பன்னெண்டும் வந்து வாங்கிக்கணும். ஒரு வலைக்குக் குறைஞ்சாலும் குறைஞ்சதுதான்" என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கே டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். பாய் கடையில் கேபிள் உறை இரண்டு சாக்கு, தகடு ஒரு சுருள், கொஞ்சம் குழாய் கிடைத்தது. ஒன்பது வலைக்குத்தான் வரும். இன்னும் வேண்டும் என்றேன்.

பாய் கடைவாசல் கதவைக் காட்டினார். காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க, ஒரு கட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். வாணலியில் ஊற்றிக் கவிழ்த்த கட்டி. முப்பது கிலோ இருக்கும். மேலெல்லாம் கிரீஸும் மண்ணும்.

"இது எத்தனையோ வருசமா இங்கயே கெடக்கு. வெட்ட முடியாதுன்னு எவனும் எடுக்கல. மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, எனக்கே இது கடையில ஒரு ஆளு மாதிரி ஆயிப்போச்சு. வேணும்னா தூக்கிக்க."

"நல்ல ஈயமா பாய்?"

"ஈயம் ஈயம்தான்ப்பா. வெட்டுறதுதான் உன் பாடு. இன்ஷா அல்லாஹ், உன் வீட்டம்மா இருக்காங்கல்ல."

மல்லிகா வெட்டுவதைப் பற்றிப் பாய் வரைக்கும் பேர் பரவியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

4. கட்டியின் மேல் உட்கார்ந்தவள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்பது வலைக்கு மணி முடிந்துவிட்டது. மீதி மூன்று. கையில் இருந்தது அந்தக் கட்டி மட்டும்.

மல்லிகா அதை முந்தின நாளே இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்திருந்தாள். ஈயம் பிளேடின் பல்லில் அப்பிக்கொள்ளும். பத்து இழுப்புக்கு ஒரு தரம் கம்பிப் பிரஷ்ஷால் துடைக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் விரல் நகம் அளவு ஆழம்தான் போனது. தூளும் பறந்தது. பிளேடை வீசிவிட்டாள்.

காளியண்ணன் ஒன்பது வலைக்கான மணியை வாங்க வந்தவர், கட்டியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"கட்டிங் மெஷினு வாடகைக்கு எடுத்தா ரெண்டு நிமிசம்" என்றார்.

"அது சுத்துற வேகத்துக்கு ஈயம் மாவாப் பறக்கும்ணே. கொல்லை, கூரை, கெணறு எல்லாத்துலயும் போய் உக்காரும். மூணு நாள்ல புள்ளத்தாச்சி வரா" என்றாள் மல்லிகா.

"அப்ப எதுக்கு வெட்டிக்கிட்டு? அப்படியே தூக்கிச் சட்டியில கவுத்து விட வேண்டியதுதானே? நல்லாப் பெரிய தீயாப் போட்டா அதுவா உருகிட்டுப் போகுது."

இங்கேதான் என் புத்தியும் போனது. இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை, தோள் வலி. கட்டியை மேலும் கீழும் பார்த்தேன். குழாய் இல்லை, மூடிய முனை இல்லை, நல்ல திடக் கட்டி. பத்து நாளாக வெயில். எங்கே தண்ணீர் இருக்கப் போகிறது?

"காளியண்ணன் சொல்றதும் சரிதான் மல்லிகா. இது ஒண்ணு மட்டும் முழுசா வச்சுடலாம்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அந்தக் கட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு வலைக்கு மணி இல்லாமப் போகட்டும். நான் பாக்காத ஒண்ணைச் சட்டியில போட விடமாட்டேன்."

"அடிச்சு வச்ச மாதிரி உக்காந்துட்டியே. முட்டை கிட்டை வச்சு அடைகாக்கப் போறியா?" என்றார் காளியண்ணன்.

"பொரிச்சா மொதக் குஞ்சு உங்களுக்குத்தான்ணே."

"அந்த மூணு வலைல ஒண்ணு என்னோடதும்மா."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். மல்லிகாவும் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து, "சாக்பீஸ் எடுத்துட்டு வாங்க" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் வெட்டியதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அந்த ஒன்றரை நாளைப் போலப் பார்த்ததில்லை. கட்டியை மணல் மூட்டையின் மேல் அசையாமல் பதித்தாள். நடுவில் சுற்றிலும் சாக்பீஸால் ஒரு கோடு. அகல உளியின் நுனியில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய். எண்ணெய் இருந்தால் ஈயம் உளியைக் கவ்வாது. ஒரே இடத்தில் ஆழமாக அடிக்க மாட்டாள். ஒரு விரல் இறங்கியதும் கட்டியைத் திருப்புவாள், அடுத்த இடம், மறுபடி திருப்புவாள். உளியை நேராக வைத்து ஒரு அடி, சாய்த்து வைத்து ஒரு அடி. முக்கோணமாக ஒரு சில்லு கழன்று விழும். தூள் இல்லை, எல்லாம் சில்லு. சில்லைப் பொறுக்கி வாணலியில் போடுவாள். பட்டை தீட்டுகிறவர்கள் கல்லைத் திருப்புவது போலவே முப்பது கிலோவைத் திருப்பினாள். நானும் காளியண்ணனும் தூக்கிப் புரட்டுவோம், "இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், போதும்" என்று அவள் சொல்வாள்.

நாங்கள் இரண்டு ஆண்கள் மாற்றி மாற்றி அடித்தும் பார்த்தோம். எங்கள் உளி கோட்டை விட்டு ஓடியது. அவள் வாங்கிக்கொண்டாள். இருட்டும் முன்பே நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை காலையில் மறுபடி தொடங்கினாள்.

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். பள்ளம் சுற்றிலும் நாலு விரல் ஆழம் போயிருந்தது. விறகு பிளக்கும் இரும்பு ஆப்பைப் பள்ளத்தில் நிறுத்தி, சம்மட்டியால் காளியண்ணனை அடிக்கச் சொன்னாள். மூன்றாவது அடியில் கட்டி மெதுவாக வாயைத் திறந்தது. ஈயம் உடையும்போது சத்தமே வராது.

திறந்த வாயிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஒரு சின்னக் கரண்டி அளவு. கறுத்த தண்ணீர். மணல் மூட்டையின் மேல் விழுந்து உடனே காய்ந்தும் போனது.

காளியண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிழலில்தான் நின்றார், வியர்வை ஒன்றும் இல்லை. முப்பது கிலோ உருகுகிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் சட்டியைச் சுற்றி நின்றிருப்போம். எனக்குப் புருவத் தழும்பு துடிப்பது போல இருந்தது.

"எந்தப் பாவி ஊத்தி வச்சானோ" என்றார் காளியண்ணன்.

நான் குனிந்து வெட்டிய முகத்தைப் பார்த்தேன். கட்டி ஒரே வார்ப்பாக இல்லை. அடுக்கு அடுக்காக இருந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் கசடு படிந்த கறுப்புக் கோடு. எண்ணினேன், ஒன்பது. ஒரு அடுக்கு ஆறி வளைந்து நின்ற பிறகு, அதன் மேலேயே அடுத்ததை ஊற்றியிருக்கிறார்கள். நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் சரியாக ஒட்டவில்லை. அங்கே ஒரு இடுக்கு, உள்ளங்கை அகலம். ஓரத்தில் முடி போல ஒரு கீறல் வெளியே போனது. அதன் வழியாக எத்தனை மழை உள்ளே போனதோ. மேலே அப்பிய கிரீஸ் அந்தக் கீறலை மூடிவிட்டது. பத்து நாள் வெயில் அதற்குப் போதாது.

இப்படி யார் ஊற்றுவார்கள்? தினமும் சாயங்காலம் சட்டியில் மிஞ்சுவதை, நேற்று மிஞ்சியதன் மேலேயே ஊற்றி வைக்கிறவன் ஊற்றுவான். இது தப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூச்சப்பட்டவன் ஊற்றுவான்.

மல்லிகா ஒரு பாதியின் அடியில் இருந்த மண்ணைத் துணியால் துடைத்தாள். வாணலியில் இருந்த சில்லுகளைத் தரையில் கொட்டினாள். அந்தப் பாதியை என்னைத் தூக்கச் சொல்லி வாணலியில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. வாணலியின் அடியில் இருந்த நசுங்கலுக்குச் சரியாகக் கட்டியின் அடியிலும் ஒரு பள்ளம்.

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

காளியண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "என்ன பண்ற?" என்றார்.

"இதுல எவ்வளவு நிக்குதுன்னு பாத்தேண்ணே. மூணு வலைக்கு இந்தப் பாதி போதும். வாங்க, கையைக் கழுவிட்டுக் காபி குடிக்கலாம்" என்றாள்.

5. செவ்வாயும் புதனும்

அந்தப் பாதியை அவள் அன்று மாலைக்குள் துண்டு துண்டாக நறுக்கினாள். அடுக்குகள் தெரிந்துவிட்டதால் சுலபமாகப் பிரிந்தன. செவ்வாய் காலை நல்ல வெயிலில் காயவைத்து, பத்து மணிக்கு அடுப்பை மூட்டினோம். சட்டி ஒரு முறைகூடச் சீறவில்லை. ஒரு மணிக்குக் காளியண்ணன் மூன்று வலைக்கும் மணி எண்ணி வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் முழுவதும் கொல்லையைச் சுத்தம் செய்தோம். மண்ணைத் தண்ணீர் தெளித்து நனைத்து, விரல் ஆழத்துக்குச் சுரண்டிச் சாக்கில் கட்டினோம். கூரைத் தகரத்தை ஈரத் துணியால் துடைத்தோம். அடுப்பு, சட்டி, அச்சு, மல்லிகாவின் உளி எல்லாம் கரையில் காளியண்ணன் வலை காயப்போடும் கொட்டகைக்குப் போயின. இப்போதும் வேலை அங்கேதான் நடக்கிறது. மண்ணையும் கசடையும் பாயிடம் கொடுத்தோம். பெரிய உலைக்கு அனுப்பும்போது சேர்த்து அனுப்புகிறேன் என்றார். மீதிப் பாதிக் கட்டியையும் வீட்டில் வைக்க முடியாது, அதையும் அங்கேயே இறக்கினோம்.

பாய் வெட்டிய முகத்தைப் பார்த்தார். மல்லிகா இடுக்கைக் காட்டி, தண்ணீர் வந்ததைச் சொன்னாள். பாய்க்கு முகம் செத்துவிட்டது.

"யா அல்லாஹ். நானே எடுத்துக் குடுத்தேனே. உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் எப்படிம்மா தூங்குவேன்? எந்த மடையன் இப்படி ஊத்திக் கொண்டாந்து என் தலையில கட்டினானோ."

"அது யாருக்கு ஞாபகம் இருக்கும் பாய்" என்றாள் மல்லிகா.

புதன்கிழமை கவிதா வந்தாள். ஆவணியில் பேரன் பிறந்தான். நல்ல எடை, நல்ல குரல். கொல்லையில் புது மண் கொட்டிச் செம்பருத்தி வைத்திருக்கிறாள் மல்லிகா. அந்த மண்ணில் கீரை போட மட்டும் இன்னும் சம்மதிக்கவில்லை.

6. பாக்கி இருந்த ஒரு காரணம்

பாய் அந்தப் பாதிக் கட்டியை உலைக்கு அனுப்பவில்லை. வெட்டிய முகம் தெரியும்படி தராசுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார். ஈயம் வாங்க வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, அடுக்கையும் இடுக்கையும் விரல் வைத்துக் காட்டுகிறார். "வெட்டிப் பாத்துட்டு உருக்கு. எந்த மடையனோ ஊத்தினான், ஒரு குடும்பமே போயிருக்கும். ஸ்ரீரங்கத்துல ஒரு அம்மா வெட்டினதால தப்பிச்சுது" என்கிறார். சில நாள் நானும் அங்கேயே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் சொல்லி முடிக்கும் வரை தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மல்லிகா கூட வந்தால் அவளும் தராசைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அது அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

நேற்று ஆடிப்பெருக்கு. கவிதா குழந்தையோடு வந்திருக்கிறாள். பேரன் கொல்லைப் பக்கம் தவழ்ந்து போய், செம்பருத்திச் செடியடியில் மண்ணை அள்ளி வாயில் வைத்துக்கொண்டான். ஓடிப்போய்த் தூக்கி வாயைத் துடைத்தேன். அது புது மண்தான். போன வருடம் அதே இடத்தில்தான் அந்தக் கட்டியை முழுசாகச் சட்டியில் வைக்கலாம் என்று சொன்னேன். கவிதாவிடம் அவளுடைய பழைய காலேஜ் நோட்டில் மிச்சப் பக்கம் இருக்கிறதா என்று கேட்டேன். நான் கேட்டது அவளுக்கு ஆச்சரியம்.

ஈயம் உருக்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெட்டுவது சின்னதாக்குவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உள்ளே பார்ப்பதற்கும்தான் வெட்டுகிறோம். மிஞ்சியதை மிஞ்சியதன் மேல் ஊற்றாதீர்கள். தெரியாததைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து கேளுங்கள். வெட்டத் தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் வேண்டாம் என்று சொல்லும்போது நிறுத்துங்கள்.

பாய் கடையில் இருக்கும் கட்டியை ஊற்றிய மடையன் நான்தான். தங்கராசு, கொள்ளிடக் கரை, ஸ்ரீரங்கம். இந்த நோட்டை நாளைக்குப் பாய் கடைக்கு எடுத்துப் போகிறேன். எழுதியதை மல்லிகாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ஒரு இடத்தில் ழ தப்பு என்றாள். பிறகு, தானும் கூட வருவதாகச் சொன்னாள்.

ஆடி மாதம் பத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை.